பந்தியும் டோலியும்

(ஆயக்குடியில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் அச்சு வடிவம்)

இந்த அறக்கட்டளையை நிறுவிய குடும்பத்தாரே, பழைய ஆயக்குடியிலிருந்தும் புது ஆயக்குடியிலிருந்தும் வந்திருக்கும் பெரியோர்களே, கொய்யாத் தோப்பு வேலையை முடித்துவிட்டு நேராக வந்து உட்கார்ந்திருக்கும் நண்பர்களே, கையில் குறிப்பேட்டோடு வந்திருக்கும் போட்டித் தேர்வு மாணவர்களே!

அழைப்பிதழில் 'இன்றைய சமூகத்தில் இனவாதமும் அதன் எதிர்ப்பும்' என்று தலைப்புப் போட்டிருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டு வாசலில் ஒரு பெரியவர் என்னிடம், "அதெல்லாம் வெள்ளைக்காரனுக்கும் கறுப்பருக்கும் உள்ள வழக்குங்களே, நமக்கு எதுக்குங்க?" என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அமெரிக்காவின் வழக்கு அமெரிக்காவிலேயே தங்கியிருந்தால் நானும் வேறு தலைப்பு கேட்டிருப்பேன். அது தங்கவில்லை. இந்த ஊருக்குத் தெற்கே நிற்கிறதே மலை, அதன் மேல் அது ஏறி உட்கார்ந்த கதை ஒன்று உண்டு. கொடைக்கானலுக்குப் பூ பார்க்கப் போகிறோம், ஏரியில் படகு விடுகிறோம். அந்த ஊர் எப்படிப் பிறந்தது என்று பெரும்பாலும் கேட்பதில்லை.

1821இல் லெப்டினன்ட் வார்டு என்பவர் பழனி மலையை அளந்தார். அதற்குப் பிறகு, 1834இல் யாழ்ப்பாணத்திலிருந்து மதுரைக்கு வந்து காலூன்றினார்கள் அமெரிக்க மிஷனரிகள். மதுரையின் வெயிலும் காலராவும் அவர்களை வாட்டின. பிள்ளைகளைப் புதைத்தார்கள், மனைவியரைப் புதைத்தார்கள். பொறுக்கமாட்டாமல் 1845இல் மலைமேல் இரண்டு வீடுகளைக் கட்டிக்கொண்டு ஏறினார்கள். கொடைக்கானல் என்ற நகரத்தின் தொடக்கம் அதுதான். ஊட்டி, சிம்லா போன்ற மலைநகரங்கள் ஆங்கிலேய அதிகாரிகளுக்காக எழுந்தவை. அமெரிக்கர்கள் தொடங்கி வைத்த மலைநகரம் என்ற பெயர் கொடைக்கானலுக்குத்தான். மதுரை கலெக்டர் வீர் ஹென்றி லெவிஞ்சு ஏரியை வெட்டியது அதற்குப் பல ஆண்டுகள் கழித்து, 1863இல்.

இவர்களை அனுப்பிய அமைப்பு பாஸ்டன் நகரில் இருந்தது. 1810இல் தொடங்கியது. 'அமெரிக்கன் போர்டு' என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அந்த போர்டுக்கு அமெரிக்காவிலேயே, செரோக்கி, சோக்டா என்ற பூர்வகுடி மக்களிடையே திருச்சபைகள் இருந்தன. அச்சபைகளின் உறுப்பினர்களில் கறுப்பின அடிமைகளைச் சொந்தமாக வைத்திருந்தவர்களும் உண்டு. அடிமை ஒழிப்பாளர்கள் கேட்டார்கள்: மனிதனை விலைக்கு வாங்கி வைத்திருப்பவனுக்கு நற்கருணை கொடுக்கலாமா? 1845இல், ஆம், கொடைக்கானலில் வீடு எழுந்த அதே ஆண்டில், புரூக்ளினில் கூடிய போர்டின் ஆண்டுக் கூட்டம் இதை நாள்கணக்கில் விவாதித்தது. அடிமை வைத்திருக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக ஒருவனைச் சபைக்கு வெளியே நிறுத்த முடியாது என்பதுதான் கடைசியில் வந்த நிலைப்பாடு. அடிமைமுறை தீமை என்று சொன்னார்கள். ஆனால் அது சமூகத்தில் வேரோடிய ஏற்பாடு, தனி மனிதனைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, காலப்போக்கில் கரையும் என்றார்கள். மனம் வெறுத்தவர்கள் பிரிந்து போய் 1846இல் 'அமெரிக்கன் மிஷனரி அசோசியேஷன்' என்ற தனி அமைப்பைத் தொடங்கினார்கள். விடுதலை பெற்ற கறுப்பினப் பிள்ளைகளுக்குப் பிற்காலத்தில் பள்ளிகளையும் கல்லூரிகளையும் கட்டியது அந்த அமைப்புதான்.

இப்போது மதுரைக்கு வாருங்கள். 1847. அதே போர்டின் மதுரை மிஷன், சாதியை விடாதவனுக்குச் சபையில் இடமில்லை என்று தீர்மானம் போடுகிறது. வாயால் சொன்னால் போதாது, சோதனை வேண்டும் என்கிறது. என்ன சோதனை? பந்தி. 'அன்பின் விருந்து' என்று பெயர் வைத்தார்கள். தீண்டத்தகாதவர் என்று ஊர் ஒதுக்கி வைத்தவர் சமைத்த உணவை, எல்லோரோடும் ஒன்றாக உட்கார்ந்து, மிஷனில் ஊழியம் செய்த தமிழ் உபதேசியார்கள் சாப்பிட்டுக் காட்ட வேண்டும். கணிசமானவர்கள் சாப்பிட மறுத்தார்கள். வேலை போயிற்று, சபையுறவு போயிற்று. இதற்கு முன்பே, 1833இல், பிஷப் டேனியல் வில்சன் திருச்சபைக்குள் சாதி கூடாது என்று சுற்றறிக்கை விட்டு, தஞ்சாவூர்ப் பக்கம் பெரிய கொந்தளிப்பு நடந்து முடிந்திருந்தது. ஆனால் இலையில் சோற்றை வைத்து, "உட்கார், சாப்பிடு" என்று சொல்லும் அளவுக்கு மதுரைக்காரர்கள் போனார்கள்.

இந்த இரண்டு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். ஒரே தலைமை. இரண்டே ஆண்டு இடைவெளி. அமெரிக்காவில், "சமூக ஏற்பாடு, பொறுத்துப் போவோம்". மதுரையில், "பாவம், இன்றே விடு". மதுரையில் இருந்தவர்கள் பாஸ்டனில் இருந்தவர்களைவிடத் துணிந்தவர்கள் என்று சொல்லலாம். அதில் உண்மையும் உண்டு. மிஷனரிகள் நம் பண்பாட்டில் தலையிட்டார்கள் என்று புலம்புகிற கூட்டத்தில் நான் இல்லை. அந்தப் பந்தி நியாயமானது. அந்த இலையைத் தள்ளிவிட்டு எழுந்த உபதேசியார், வேதம் சொல்லிக்கொடுக்கத் தகுதியில்லாதவர் என்பதுதான் என் கட்சி. என் கேள்வி வேறு. அந்தப் பந்தியில் யாருக்கு இழப்பு? உபதேசியாருக்கு. அவருடைய உறவு முறிந்தது, பெண் கொடுக்க ஆளில்லை, ஊர்க் கிணறு போயிற்று. பந்தி போடச் சொன்ன வெள்ளையருக்கு? அவர் அன்றுவரை இழக்காத எதையும் அன்று இழக்கவில்லை. அமெரிக்காவில் அடிமை முதலாளியை வெளியே போகச் சொல்லியிருந்தால் போர்டுக்கு நன்கொடை குறைந்திருக்கும், தெற்கு மாநிலச் சபைகளின் நட்பு போயிருக்கும். அங்கே இழப்பு தம் பக்கம். அங்கே பொறுமை வந்துவிட்டது.

இன்று நான் சொல்ல வந்தது ஏறக்குறைய இவ்வளவுதான். இனவாதத்துக்கு எதிராக இருக்கிறேன் என்று ஒருவர் சொன்னால், அவர் பேச்சைக் கேட்பதற்கு முன்னால் இழப்புக் கணக்கைப் பாருங்கள்.

பந்தியிலிருந்து டோலிக்கு வருவோம். 1875இல் ரயில் வந்தது. அம்மையநாயக்கனூரில் இறங்க வேண்டும், இன்று கொடை ரோடு என்கிறோம். அங்கிருந்து இரவெல்லாம் மாட்டு வண்டி. பெரியகுளம் பக்கம் மலையடியில் கிருஷ்ணம நாயக்கன் தோப்பு. அதற்கு மேல் வண்டி ஏறாது. செண்பகனூர் வரை செங்குத்தான ஒற்றையடிப் பாதை. அந்தப் பாதைக்கே 'கூலி காட்' என்றுதான் பெயர். நடக்கத் தெம்புள்ளவர்கள் நடந்தார்கள், சிலர் குதிரையில் போனார்கள். மற்றவர்களை, அதாவது துரைசானிகளை, பிள்ளைகளை, நோயாளிகளை, நாற்காலியில் கம்பு கட்டியும் டோலியில் வைத்தும் நம் ஆட்கள் தோளில் தூக்கிப் போனார்கள். பெட்டி, படுக்கை, பியானோ, ஜன்னல் கண்ணாடி, எல்லாம் மனிதத் தலையில்தான். மேஜர் லா என்பவரின் பெயரால் வழங்கும் மலைச்சாலை 1914இல் உருவாகும்வரை, ஏறத்தாழ எழுபது ஆண்டுகள், கொடைக்கானல் என்ற ஊரை மேலே கொண்டுபோய் வைத்தது தமிழ்க் கூலிக்காரர்களின் தோள்பட்டைதான்.

டோலி தூக்கியவர்களை அந்தத் துரைமார் வெறுத்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பலர் அன்பாகவே இருந்திருப்பார்கள். கூலி கொடுத்தார்கள், மருந்து கொடுத்தார்கள், அவர்களுக்காக ஜெபமும் செய்தார்கள். அதுதான் நாம் கவனிக்க வேண்டியது. யாரும் யாரையும் திட்டாமல், யாரும் யாரையும் அடிக்காமல், ஒருவர் தோளில் இன்னொருவர் எழுபது ஆண்டு உட்கார்ந்து போக முடிகிறது. காலராவுக்குப் பயந்து வெள்ளைக் குடும்பங்கள் மலையேறின. அதே காலராவுக்கு நடுவில், அதே மிஷனின் தமிழ் உபதேசியாரும் அவருடைய பிள்ளைகளும் கீழே வெயிலில் இருந்தார்கள். சம்பளத் தட்டும் வேறு. இதில் தீய எண்ணம் கொண்ட ஒரு ஆளைத் தேடினால் கிடைக்கமாட்டார். ஏற்பாடு மட்டும் கிடைக்கும்.

அந்த ஏற்பாட்டை முகத்துக்கு நேரே சொன்ன ஒரு தமிழர் உண்டு. அவர் பெயரை நம் பாடப்புத்தகங்களில் நான் பார்த்ததில்லை, மாணவர்கள் குறித்துக்கொள்ளலாம். வேதநாயகம் சாமுவேல் அசரியா. திருநெல்வேலிச் சீமை வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்தவர். நாடார் குடும்பம். ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தார். அங்கே அவருக்குக் கிடைத்த நெருங்கிய நண்பர் ஷெர்வுட் எடி என்ற அமெரிக்கர். இந்த எடியைப் பார்க்க கன்சாஸ் மாநிலத்திலிருந்து வந்த அவருடைய தாயார் மார்கரெட் எடிதான், 1901இல் மிஷனரிப் பிள்ளைகளுக்கென்று கொடைக்கானலில் தொடங்கிய பள்ளிக்கு முதல் தலைமையாசிரியை. அந்தப் பள்ளி எழுபதுகளில் எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்குமான பன்னாட்டுப் பள்ளியாக மாறியது. தொடங்கியபோது அது அமெரிக்கப் பிள்ளைகளுக்கான பள்ளி.

1910 ஜூன் மாதம் எடின்பரோவில் உலக மிஷனரி மாநாடு. சுமார் 1,200 பேராளர்கள்; ஆசியாவிலிருந்து இருபது பேர்கூட இல்லை. அதில் பேச அசரியாவை அழைத்தார்கள். முப்பத்தைந்து வயது. நன்றி சொல்லிவிட்டு இறங்குவார் என்று எதிர்பார்த்திருப்பார்கள். அவர் பேசியது வெளிநாட்டு ஊழியருக்கும் உள்நாட்டு ஊழியருக்கும் இடையில் நட்பே இல்லை என்பதைப் பற்றி. ஒன்றாக வேலை செய்கிறோம், உங்கள் வீட்டு மேசைக்கு எங்களை அழைப்பதில்லை என்ற பொருளில் பேசினார். நீங்கள் தியாகம் செய்தீர்கள், சொத்தைக் கொடுத்தீர்கள், உடலையும் கொடுத்தீர்கள், எங்களுக்கு வேண்டியது நண்பர்கள் என்று முடித்தார். அரங்கம் நெளிந்தது. தமிழ் உபதேசியாரைப் பந்தியில் உட்கார வைத்துச் சோதித்து அறுபத்துமூன்று ஆண்டுகள் கழித்து, வெள்ளையரின் மேசையில் தமிழருக்கு நாற்காலி உண்டா என்று ஒரு தமிழர் ஸ்காட்லாந்தில் நின்று கேட்க வேண்டியிருந்தது.

அசரியாவின் கேள்வியோடு நான் நிறுத்திக்கொள்ளாததற்குக் காரணம், அவரும் அதோடு நிறுத்திக்கொள்ளவில்லை என்பதுதான். 1912இல் ஆங்கிலிகன் திருச்சபையின் முதல் இந்திய பிஷப்பாக, தெலுங்கு நாட்டுத் தோர்ணக்கல்லுக்குப் போனார். அங்கே சபையில் பெரும்பாலோர் தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மாலா, மாதிகா மக்கள். தெலுங்கு கற்றார், அந்த மக்களோடு உண்டார், அவர்களிலிருந்து குருமார்களை உருவாக்கினார். மேலே இருப்பவரிடம் எதைக் கேட்டாரோ அதைத் தனக்குக் கீழே என்று ஊர் சொன்னவருக்குக் கொடுத்தார். இப்படி இரண்டு பக்கமும் கணக்கு நேர் செய்தவர்கள் குறைவு.

எவ்வளவு குறைவு என்பதற்கு நம் தரப்பிலிருந்தே ஒரு சான்று தருகிறேன். 1860இல் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' என்ற கப்பல் முதல் ஒப்பந்தக் கூலிகளை டர்பனுக்குக் கொண்டுபோய் இறக்கியது. முப்பத்தைந்து ஆண்டுகளில் அங்கே பெரிய இந்தியச் சமூகம் உருவாகிவிட்டது. டர்பன் தபால் நிலையத்தில் இரண்டு வாசல்கள்: ஒன்று ஐரோப்பியருக்கு, மற்றது மற்ற எல்லோருக்கும். இது இழிவு என்று காந்தியடிகள் பங்கேற்ற நேட்டால் இந்தியக் காங்கிரஸ் எதிர்த்து எழுதியது. வெற்றியும் கிடைத்தது. 1895வாக்கில் தபால் நிலையத்தில் மூன்று வாசல்கள் ஆயின: ஐரோப்பியருக்கு ஒன்று, ஆசியருக்கு ஒன்று, ஆப்பிரிக்கருக்கு ஒன்று. பின்னாளில் காந்தி வெகுதூரம் நடந்து வந்தார், அது வேறு. ஆனால் அந்த மூன்றாவது வாசலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அநீதிக்கு எதிரான போராட்டங்களில் முக்கால்வாசி, 'என்னை அவனோடு சேர்க்காதே' என்ற போராட்டங்கள்தான். 'என்னை ஏன் கீழே வைத்தாய்' என்று கேட்கிறவன், 'யாரையாவது ஏன் கீழே வைக்கிறாய்' என்று கேட்பதில்லை. சாதிச் சங்க மாநாட்டுப் பந்தல்களில் மைக் பிடித்துப் பேசுவதைக் கேட்டவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

இனமும் சாதியும் ஒன்றா? இங்கே படித்தவர்கள் உடனே எழுப்பும் கேள்வி இது. நேரமில்லாததால் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் ஒரு பகுதியைச் சுருக்க முடியாது. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக எட்கர் தர்ஸ்டன் என்பவர் இருந்தார். 1909இல் வெளிவந்த அவருடைய 'தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்' ஏழு தொகுதிகள். நம் மலைப் பளியரும் அதில் இருக்கிறார்கள். அவர் கையில் எப்போதும் ஒரு அளவுகோல் இருக்கும், மூக்கை அளப்பார். மூக்கின் நீளத்துக்கு அகலம் எத்தனை விழுக்காடு என்று கணக்குப் போடுவார். வடக்கே ஹெர்பர்ட் ரிஸ்லி இதை இன்னும் கொண்டாடினார். 1901 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆணையர் அவர். மூக்கு அகலமாக ஆகச் சமூகப் படி இறங்குகிறது என்று விதியே வகுத்தார். சாதி என்பது இரத்தம், இரத்தம் என்பது மூக்கு.

அதே அளவுகளை எடுத்து அந்த விதியை உடைத்தவர் அம்பேத்கர். 1948இல் வெளிவந்த தீண்டப்படாதோர் பற்றிய நூலில், அளவெடுத்தவர்களின் எண்களையே வைத்து, ஒரு மாகாணத்துப் பிராமணருக்கும் அதே மாகாணத்துத் தீண்டப்படாதவருக்கும் மூக்கில் இன வேறுபாடு இல்லை என்று காட்டினார். 1936இலேயே, சாதி என்பது இரத்தப் பிரிவு அன்று, ஒரே இரத்தத்தை உடைத்த சமூகப் பிரிவு என்று எழுதியிருந்தார். எனவே அறிவியல்படி சாதி, இனம் அல்ல. சரி. ஆனால் அந்த அறிவியல்படி இனமும் இனம் அல்ல! கறுப்பர், வெள்ளையர் என்ற பிரிவும் உடம்பில் ஆழமாக எங்கும் எழுதியிருக்கவில்லை என்று மரபியலாளர்கள் இன்று சொல்கிறார்கள். இரண்டுமே மனிதன் போட்ட கோடு. ஒன்றில் தோலைப் பார்த்துக் கோடு தெரியும். மற்றதில் தெருப் பெயரைக் கேட்டால்தான் தெரியும். அதனால்தான் நாம் முதல் சந்திப்பிலேயே "எந்த ஊரு, ஊருக்குள்ள எந்தப் பக்கம்?" என்று விசாரிக்கிறோம்.

இனத்துக்கும் சாதிக்கும் உள்ள இந்த உறவு அம்பேத்கருக்கும் அமெரிக்கக் கறுப்பினத் தலைவர்களுக்கும் நம்மைவிடச் சீக்கிரம் புரிந்தது. 1946இல் அம்பேத்கர், டூ பாய்ஸ் என்ற கறுப்பின அறிஞருக்குக் கடிதம் எழுதி, ஐக்கிய நாடுகள் சபைக்கு அவர்கள் கொடுத்த மனுவின் படியைக் கேட்டார். டூ பாய்ஸ் அன்போடு பதில் எழுதினார். 1959இல் மார்ட்டின் லூதர் கிங் திருவனந்தபுரத்தில் தலித் பிள்ளைகள் படிக்கும் பள்ளி ஒன்றுக்குப் போனபோது, தலைமையாசிரியர் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த சக தீண்டப்படாதவர் என்று அறிமுகம் செய்தார். கிங்குக்கு முதலில் சுருக்கென்றது. பிறகு யோசித்துப் பார்த்து, ஆமாம், நான் அதுதான் என்று ஒப்புக்கொண்டதாக அவரே பிற்பாடு ஒரு பிரசங்கத்தில் சொன்னார். ஆனால் 2001இல் அதே டர்பனில் ஐ.நா. இனவாத எதிர்ப்பு மாநாடு கூடியபோது, சாதியை அங்கே பேசக்கூடாது என்று இந்திய அரசு ஒற்றைக்காலில் நின்றது. சாதி இனம் அல்ல என்ற வாதம், அம்பேத்கர் சாதியை ஒழிப்பதற்காக எழுப்பியது, சாதியைப் பேசாமல் இருப்பதற்கான சாக்காகிவிட்டது. 2023 பிப்ரவரியில் அமெரிக்காவின் சியாட்டில் நகரம் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் போட்டபோது, அங்கே வாழும் நம்மவர்களில் ஒரு பகுதியினர் அதை எதிர்த்தார்கள். தம்மைக் கறுப்பு என்று ஒருவன் ஒதுக்கினால் வழக்குப் போட அங்கே சட்டம் இருக்க வேண்டும். தாம் ஒருவரை ஒதுக்கினால் மட்டும் அது வீட்டு விஷயமாக இருக்க வேண்டும். மூன்றாவது வாசல் இன்னும் திறந்துதான் இருக்கிறது.

உள்ளூருக்கு வருகிறேன். நிறத்தைப் பற்றி அதிகம் சொல்லப்போவதில்லை. பெண் பார்க்கும் வீடுகளில் நீங்கள் கேட்டதைவிடப் புதிதாக நான் எதுவும் சொல்லிவிட முடியாது. சென்னைக் கிரிக்கெட் வீரர் அபினவ் முகுந்த், இந்தியாவுக்கு ஆடிக்கொண்டிருக்கும்போதே, 2017இல், சிறு வயதிலிருந்து தன் நிறத்துக்காகக் கேட்ட ஏச்சுகளைப் பற்றி வெளிப்படையாக எழுதினார். 2020இல் 'ஃபேர் அண்ட் லவ்லி' தன் பெயரை 'க்ளோ அண்ட் லவ்லி' என்று மாற்றிக்கொண்டது. பெயர்ப்பலகை மாறியது, கடையில் கேட்கும் காரணம் மாறவில்லை.

நான் அதிகம் கவலைப்படுவது 'வடக்கன்' என்ற சொல்லைப் பற்றி. திண்டுக்கல் நூற்பாலைகளில், திருப்பூரில், நெடுஞ்சாலை ஓட்டல் அடுப்படிகளில், கட்டட வேலையில் பீகார், ஒடிசா, ஜார்க்கண்ட், அசாம் பிள்ளைகள் இல்லாத இடம் இல்லை. நம்மவர் வாயில் அவர்களுக்குத் தனித்தனிப் பெயர் கிடையாது. பாக்கு போட்டுத் துப்புகிறான், குளிக்கமாட்டான், திருடுவான், ஒரே அறையில் பத்துப் பேர் கிடப்பான். ஒரே அறையில் பத்துப் பேரை வாடகைக்கு அடைத்தது யார் என்று யாரும் கேட்பதில்லை. வாடகை வாங்குகிறவர் உள்ளூர்க்காரர். 2023 மார்ச்சில், தமிழ்நாட்டில் வடமாநிலத் தொழிலாளர்களைக் கொல்கிறார்கள் என்று பொய்க் காணொலிகள் பரவின. பீகாரிலிருந்து அதிகாரிகள் குழு வந்து பார்த்தது. காணொலிகள் பொய் என்று தெளிவாயிற்று. நம்மைப் பழி சொன்னார்கள் என்ற கோபம் நமக்கு நியாயமாகவே வந்தது. ஆனால் அந்தப் பொய்யை அந்தத் தொழிலாளர்கள் ஒரே இரவில் நம்பி, மூட்டையைக் கட்டி ரயில் நிலையத்தில் போய் நின்றார்களே, அவ்வளவு எளிதாக ஏன் நம்பினார்கள்? அதுவரை நாம் அவர்களிடம் பேசியிருந்த பேச்சு அப்படி.

இதே பேச்சை நம்மவர்கள் வாங்கியிருக்கிறார்கள். 1966இல் பம்பாயில் சிவசேனா தொடங்கியபோது முதல் இலக்கு தென்னிந்தியர்கள்தான். 'மதராசி' என்று சொல்லி, லுங்கியைக் கேலி செய்து, ஓட்டல்களைத் தாக்கினார்கள். இலங்கை மலையகத்தில் தேயிலை பறித்த தமிழரின் குடியுரிமையை 1948ஆம் ஆண்டுச் சட்டம் பறித்தது. அங்கே அவர்கள் 'கள்ளத்தோணி'. 1964இல் சாஸ்திரியும் சிறிமாவோவும் செய்த ஒப்பந்தப்படி லட்சக்கணக்கில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். நீலகிரியிலும் கொடைக்கானல் மலையிலும் வந்து தங்கியவர்களை நாம் என்ன பெயர் சொல்லி அழைத்தோம்? 'சிலோன்காரன்'. அங்கே இந்தியன், இங்கே சிலோன்காரன். ஒரே தலைமுறை இரண்டு கரையிலும் அந்நியமாயிற்று. பம்பாயில் அடி வாங்கிய தாத்தாவின் பேரன் இன்று கைப்பேசியில் வடக்கன் நகைச்சுவையைப் பகிர்கிறான். பாடுபட்டவன் பாடம் கற்பான் என்று நம்ப எனக்கும் ஆசைதான்.

சாதிக்கு வருகிறேன், முக்கியமாகப் பள்ளிக்கு. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் நடந்தது உங்களுக்குத் தெரியும். நன்றாகப் படித்த ஒரு தலித் மாணவனை அவனுடன் படித்த பிள்ளைகளே வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கைக்கும் வெட்டு. அதற்குப் பிறகு அரசு ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு தலைமையில் ஒரு நபர் குழுவை அமைத்தது. 2024 ஜூனில் அறிக்கை வந்தது. கையில் வண்ணக் கயிறு கட்டக்கூடாது, நெற்றியில் சாதியைக் காட்டும் அடையாளம் கூடாது என்ற பரிந்துரைகள்தான் செய்தியில் பெரிதாக வந்தன. எனக்கு முக்கியமாகப் படுபவை மற்றவை. ஒரு பகுதியில் பெரும்பான்மையாக இருக்கும் சாதியைச் சேர்ந்தவரை அங்கே உயர்நிலை, மேல்நிலைப் பள்ளித் தலைமையாசிரியராகவோ கல்வி அதிகாரியாகவோ போடக்கூடாது. ஆசிரியர்களைக் குறிப்பிட்ட காலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். 'கள்ளர் சீரமைப்பு', 'ஆதிதிராவிடர் நலம்' என்று பெயரிலேயே சாதி ஏந்தியிருக்கும் அரசுப் பள்ளிகளின் பெயரை எடுத்துவிட்டு எல்லாவற்றையும் ஒரே துறையின் கீழ் கொண்டுவர வேண்டும்.

நம் திண்டுக்கல் மாவட்டத்திலும் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகள் உண்டு. இதைச் சொன்னவுடன் எழுந்த எதிர்ப்பைக் கவனித்தீர்களா? கயிற்றை அவிழ்க்கச் சொன்னபோது, "பிள்ளைகள் கையில் கட்டுவது பக்திக் கயிறு" என்று ஒரு முனகல், அவ்வளவுதான். பெயரையும் துறையையும் பணியிடத்தையும் தொட்டபோதுதான் அறிக்கையையே கிழித்துப் போட வேண்டும் என்றார்கள். எதிர்த்தவர்களில் எல்லோரையும் சாதி வெறியர் என்று நான் சொல்லமாட்டேன். சீரமைப்புப் பள்ளிகளுக்குப் பின்னால் குற்றப் பரம்பரைச் சட்டத்தின் கொடுமை இருக்கிறது, அந்த வரலாறு அழிந்துவிடக்கூடாது என்ற அச்சத்தில் நியாயம் உண்டு. நலத்துறைப் பள்ளி போனால் அதற்கான தனி நிதியும் போய்விடுமோ என்ற கேள்வியிலும் நியாயம் உண்டு. இதற்கெல்லாம் அரசு பதில் சொல்லித்தான் ஆக வேண்டும். ஆனால் தலைமையாசிரியர் நம்ம ஆளாக இருக்க வேண்டும் என்பதற்கு என்ன நியாயம்?

மாணவர்களே, உங்கள் தேர்வில் அரசமைப்பின் 15ஆம் உறுப்பு, 17ஆம் உறுப்பு என்று கேட்பார்கள். சமயம், இனம், சாதி, பால், பிறந்த இடம் ஆகியவற்றால் பாகுபாடு கூடாது, தீண்டாமை ஒழிக்கப்பட்டது. சரியாக எழுதி மதிப்பெண் வாங்கி, நாளைக்கு கிராம நிர்வாக அலுவலராகவும் வட்டாட்சியர் அலுவலக உதவியாளராகவும் நாற்காலியில் உட்காரப் போகிறீர்கள். அன்றைக்கு உங்களிடம் யாரும் 15ஆம் உறுப்பைக் கேட்கப் போவதில்லை. காலனிக்குப் போகிற சாலைக்கு எப்போது தார் போடுவது, மயானப் பாதைத் தகராறில் அறிக்கையை எப்படி எழுதுவது, மனு கொடுக்க வந்தவரை நிற்க வைத்துப் பேசுவதா, எதிரே நாற்காலியைக் காட்டுவதா, சொந்தக்காரர் ஒருவர் தொலைபேசியில் "நம்ம பையன்தானே நீ" என்றால் என்ன சொல்வது, இவைதான் கேள்விகள். 'நான் சாதி பார்ப்பதில்லை' என்பது இந்தக் கேள்விகளில் எதற்கும் விடையாகாது. சாலைக்கு முதலில் தார் எங்கே போட வேண்டும் என்று பார்க்க, எங்கே இத்தனை காலம் போடவில்லை என்று பார்த்தாக வேண்டும். சாதியைப் பார்க்காதவர் கண்ணுக்கு அது தெரியாது.

ஊர்ப் பெரியவர்களுக்கு ஒரு வேலை சொல்லிவிட்டு உட்கார்கிறேன். கல்வி உரிமைச் சட்டப்படி இங்குள்ள அரசுப் பள்ளிகள் ஒவ்வொன்றிலும் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது; பெற்றோர்தான் அதில் பெரும்பான்மை. அடுத்த கூட்டத்தில் சந்துரு குழு அறிக்கையின் பரிந்துரைகளை வரிசையாக வாசிக்கச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, இதை நிறைவேற்றினால் இந்த ஊரில் யாருக்கு என்ன குறையும் என்று எழுதுங்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுதுகிறவர் பெயருக்கு எதிரே ஒன்றுமே குறையவில்லை என்றால், பட்டியலை இன்னொருவரிடம் கொடுத்து எழுதச் சொல்லுங்கள். நூற்பாலைக்கு வந்திருக்கும் ஒடிசாக் குடும்பத்தின் பிள்ளையும் அந்தப் பள்ளியில் படித்தால், அந்தப் பிள்ளையின் தாயையும் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். அவருக்குத் தமிழ் வராவிட்டால், அவருடைய பிள்ளை சொல்லும். எட்டு வயதுக்குள் அந்தப் பிள்ளைகள் நம்மைவிட நன்றாக ஆயக்குடித் தமிழ் பேசுகின்றன.